அறுபத்தோரு நாள் இயந்திரக் கோளாறு

“இது யார் கையெழுத்து அண்ணி? அதை மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல.”

“மெதுவாப் பேசு. கீழ்வீட்ல தையல் மெஷின் நின்னுடுச்சு பாரு.”

“நிக்கட்டும். ஏழுக்கு நடுவுல குறுக்குக் கோடு போடுற ஆள் இந்த ஊர்ல நீங்க ஒருத்திதான். மளிகைச் சீட்டுல பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பழகிப்போச்சு. இ.கோ., இ.கோ.ன்னு வரிசையா எழுதியிருக்கீங்களே, அது என்ன?”

“இயந்திரக் கோளாறு,” என்றாள் அண்ணி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

“ஒரு பனிக்காலத்துல அறுபத்தோரு நாள் கோளாறு. மழைக்காலத்துல ஒரு நாள்கூட இல்ல. நல்ல மெஷின்தான். பனி விழுந்தா அதுக்கு லீவு உண்டு. எங்க அண்ணனுக்குத்தான் கிடையாது.”

தையல் மெஷின் நின்றுதான் போயிருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரி ஊசியைத் துணியில் இறக்கியபடியே விட்டுவிட்டு மாடிப்படிக்குக் கீழே வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. கையில் துடைப்பம் வைத்திருந்தாள். படி பெருக்க வந்தாளாம். அந்தப் படியை அவள் அதற்கு முன்னும் பெருக்கியதில்லை, பின்னும் பெருக்கியதில்லை. ஆனாலும் அன்றைக்கு அவளுக்குச் சுத்தத்தின்மேல் அக்கறை வந்திராவிட்டால் இந்தக் கதையில் பாதி தெருவுக்குக் கிடைத்திருக்காது. அதனால் குறை சொல்வதற்கில்லை.

மேல்வீட்டில் மூன்று பேர். சத்தம் போட்டவளுக்குத் தெருவில் வைத்த பெயர் மனு. மருந்துக்கடையில் பில் போடுகிறவள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனு, சாக்கடை அடைத்தால் மனு, தன் வீட்டு மாடியில் எதிர்வீட்டுப் புறா எச்சமிடுகிறது என்று அதற்கும் ஒரு மனு. முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. வருகிற வரன்களிடமும் எழுத்தில் பதில் கேட்பாள் என்று பேச்சு. அவள் அண்ணன் போக்குவரத்துக் காவலர். ஊரின் ஐந்து சாலைகள் கூடுகிற பெரிய சந்திப்பில் பதினோரு வருடமாக நடுவில் நிற்கிறவர். அவரை எல்லாரும் விசில் என்பார்கள். அவருடைய மனைவிதான் தராசம்மா.

தராசம்மா காய்கறிக்கடை வைத்திருக்கவில்லை. காற்றை எடை போடுகிறவள். கேட்டால் சிரிப்பு வரும்; ஆனால் அதற்கு ஓர் அலுவலகம், அதற்கொரு பெயர்ப்பலகை, மூன்று கார்கள் எல்லாம் இருந்தன. ஊரில் நான்கு சந்திப்புகளின் மாடிகளில் ஆளுயரப் பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாள் முழுக்கக் காற்றை இழுத்து, உள்ளங்கையில் பாதி அளவுள்ள வட்ட வடிதாள் ஒன்றின் வழியாக விடும். காற்றில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி அந்தத் தாளில் படியும். போடுவதற்கு முன் ஒரு எடை, எடுத்த பின் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைக்கு ஊர் மூச்சில் இழுத்த அழுக்கு. மழைக்காலத்தில் அரை மில்லிகிராம்கூட ஏறாது. பனிக்காலத்தில் ஐந்து, ஆறு, சில நாள் ஏழு.

தெருவுக்கு இது பிடிபடவே இல்லை. கோடையில் புழுதிக் காற்று அடித்தால் ஆளாளுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரைத் திட்டுவார்கள். பனிக்காலம் வந்தால் சால்வையைச் சுற்றிக்கொண்டு, ஆகா, என்ன இதமான காலை என்று நடைப்பயிற்சிக்குக் கிளம்புவார்கள். தராசம்மா ஒரு முறை தையல்காரியிடம் விளக்கினாள். கோடைப் புழுதி பெருந்தூள், மூக்கோடு நின்றுவிடும். பெட்டியின் மூடியே அதை வெளியே தள்ளிவிடும். பனிக்காலத்தில் தரை குளிர்ந்து கிடக்கும், காற்று அசையாது, லாரிப் புகையும் செங்கல் சூளைப் புகையும் குப்பை எரிக்கிற புகையும் மேலே ஏற வழியில்லாமல் ஊர்மேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். அதுதான் நெஞ்சுக்குள் போய்த் திரும்பி வராது. தையல்காரி தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலை சால்வையோடு நடக்கப் போனாள்.

எடை போடுகிற அறைக்கு இரட்டைக் கதவு. செருப்பு வெளியே. உள்ளே வருடம் முழுக்க ஒரே குளிர், ஒரே ஈரம். வந்த தாளை உடனே எடை போடக் கூடாது. ஒரு நாள் முழுக்கத் தட்டில் கிடந்து ஆறவேண்டும். அதற்கு அலுவலகத்தில் ஓய்வு என்று பெயர். தாளுக்கு ஓய்வு கொடுத்த அளவுக்கு அங்கே மனுஷருக்குக் கொடுத்ததில்லை. கண்ணாடிக் கூட்டுக்குள் தராசு. இடுக்கியால் தாளை எடுத்து வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, எண் ஆடி அடங்கும்வரை காத்திருப்பாள். எடைச் சீட்டில் எழுதுவாள். பிறகு பெரிய பதிவேட்டில் ஏற்றுவாள். பதினான்கு வருடத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது என்பது அவளுக்குப் பெருமை. கொஞ்சம் அதிகமாகவே பெருமை.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு பனிக்காலக் காலையில் அடுப்புக்கரி மாதிரி கறுத்து ஒரு தாள் வந்தது. ஆறவைத்து மூன்று தடவை எடை போட்டாள். ஆறரை மில்லிகிராம். தராசில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அந்த அதிகாரிக்கு அலுவலகத்தில் பென்சில் என்று பெயர். எதையும் மையால் எழுதமாட்டார். எழுதினால் ஒட்டிக்கொள்ளும் இல்லையா. தாளைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், இவ்வளவு இருக்க வாய்ப்பே இல்லை, பெட்டிதான் கோளாறு என்றார். இ.கோ. போடச் சொன்னார். போட்டாள். அடுத்த வாரம் மூன்று தாள் அப்படி வந்தன. அவர் பதிவேட்டின் ஓரத்தில் அச்சிட்டிருந்த அளவுகோலில் நான்கு மில்லிகிராம் இருக்கிற இடத்தில் மெல்லிசாக ஒரு பென்சில் கோடு போட்டுக் கொடுத்தார். இதற்கு மேலே வந்தால் கோளாறு என்று வைத்துக்கொள்ளம்மா, ஒவ்வொரு தடவையும் என்னிடம் வரவேண்டாம் என்றார்.

நான்கு மில்லிகிராமுக்கு மேல் போனால் சட்டப்படி அந்த நாள் ‘மிக மோசம்’. மிக மோசமான நாள் தொடர்ந்து மூன்று வந்தால் சூளையை நிறுத்த வேண்டும், பகலில் லாரியை நிறுத்த வேண்டும், கட்டட வேலையை நிறுத்த வேண்டும். கோடு விழுந்த பிறகு ஊரில் மிக மோசமான நாளே வரவில்லை. அலுவலகத்துக்குக் கேடயம் கிடைத்தது. தராசம்மாவுக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்றும் தெரியாத பூச்சி என்று அவளைச் சொல்ல முடியாது. கறுத்த தாள் தராசில் ஏறிய அன்று வீட்டுச் சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணிப்பாள். விசில் கிளம்பும்போது முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடி மாட்டிவிடுவாள். அதிலும் பாருங்கள், தாள் ஆறி எடை பார்ப்பதற்குள் இரண்டு நாள் ஆகிவிடும். முந்தாநாள் காற்றுக்கு இன்றைக்கு முகமூடி. அதைக் கட்டிக்கொண்டு அவரால் விசிலும் ஊத முடியாது. தெருமுனை தாண்டியதும் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார்.

போன பனிக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில் பாதியில் நின்றார். படியை எண்ணுகிறேன் என்று சிரித்தார். பிறகு சாப்பாட்டுக்கு நடுவில் நின்றார். பருப்புச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, வாய்க்கு எடுத்துப் போவதற்கு முன் ஓடி வந்தவர்போல் மூன்று தடவை இழுப்பார். மருத்துவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி ஒரு பனிக்காலம் அந்தச் சந்திப்பில் நின்றால் அப்புறம் என்னிடம் வந்து பிரயோசனமில்லை என்றார். காவல்துறையில் அதற்கு விதி இருந்தது. பணியிடத்தில் ஒரு பனிக்காலத்தில் நாற்பது நாளாவது காற்று மிக மோசம் என்று பதிவாகியிருந்தால் ஆளை உள்வேலைக்கு மாற்றலாம். மனு சும்மா இருப்பாளா? காற்று அலுவலகத்துக்கு மனுப் போட்டு, அந்தச் சந்திப்பின் பதிவேட்டு நகலைக் கேட்டாள். ஆறு தடவை நேரில் போய், நகல் பிரிவு எழுத்தர் ஒருவரை உலுக்கி வாங்கியேவிட்டாள்.

மேலே ஒரு வரி: மிக மோசமான நாட்கள், இல்லை. கீழே நான்கு பக்கம், அண்ணியின் முத்து முத்தான கையெழுத்து.

விசில் வேலை முடிந்து வந்தபோது இருவரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். தையல்காரி துடைப்பத்தோடு வழிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். அவர் மேலே போய், நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை இருந்து, அந்த நான்கு பக்கத்தையும் வாங்கிப் படித்தார். சத்தம் போடுவார் என்று கீழே காத்திருந்தவளுக்கு ஏமாற்றம்தான்.

“இது என் தலைக்கு மேல இருக்கிற பெட்டிதானே?” என்று கேட்டார்.

“ஆமா.”

“பேங்கு மாடியில.”

“ஆமாங்க.”

“அது நின்னு நான் ஒருநாளும் பாக்கலையே. வண்டிச் சத்தம் அடங்குற ரெண்டு நிமிஷத்துல அது உறுமுறது கேக்கும். என் பொண்டாட்டி மேல உக்காந்திருக்கான்னு கூட நிக்கிற பையன்கிட்ட சொல்லிச் சிரிப்பேன். இந்த அறுபத்தோரு நாளும் உறுமிச்சு. நான் லீவே போடல, எனக்குத் தெரியும்.”

அவர் காகிதத்தை நாலாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, சூடா டீ இருக்கா என்று தங்கையிடம் கேட்டார். திட்டியிருந்தால் தராசம்மா திருப்பித் திட்டியிருப்பாள். அந்த வித்தை அவளுக்குத் தெரியும். இது அவளுக்குத் தெரியாத ஊர். சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தம் அரை மணி நேரம் கேட்டதென்றும், தண்ணீருக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருக்கையில் இது அடுக்காதென்றும் தையல்காரி பிறகு சொன்னாள்.

மறுநாள் தராசம்மா பென்சிலின் அறைக்குப் போனாள். போன பனிக்காலத்தின் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் சரியான எடையைப் போட்டுவிட அனுமதி கேட்டாள். எடைச் சீட்டெல்லாம் கட்டுக் கட்டாக அலமாரியில் இருக்கிறது, பொய் ஒன்றும் எழுதவேண்டியதில்லை என்றாள். வீட்டுக்காரர் நிலைமையைச் சொன்னாள். அவர் கடைசிவரை இரக்கத்தோடு கேட்டார். கேட்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

“உன் கஷ்டம் புரியுதும்மா. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. இந்த ஊர்ல நாலு வருஷமா எத்தனை பேருக்கு மூச்சு வாங்கிச்சு? அப்பல்லாம் நீ இந்த அறைக்கு வரலையே. உன் வீட்டுக்கு வந்ததும்தான் கணக்கு சரியா இருக்கணுமா?”

“கோடு நீங்க போட்டது சார்.”

“எந்தக் கோடு?” என்றார் பென்சில்.

அவள் ஓடிப்போய்ப் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தாள். ஓரத்தில் கோடு இல்லை. அழித்த இடம்கூடச் சுத்தமாக, ரப்பர்த் தூள் இல்லாமல் ஊதிவிடப்பட்டிருந்தது. மனுவின் மனு வந்த அன்றைக்கே வேலை முடிந்திருக்க வேண்டும். மையால் எழுதியிருந்தது மொத்தமும் அவளுடையது.

கோபம் வராதவள் இல்லை தராசம்மா. ஆனால் அதுவரை அவளுக்கு வந்ததெல்லாம் பால்காரன் மேலும் நாத்தனார் மேலும்தான். இந்தக் கோபம் வேறு மாதிரி. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அன்றைய தாள்களை எப்போதும்போல எடை போட்டாளாம். அந்த ஆள் சொன்னதில் பாதி அயோக்கியத்தனம், பாதி உண்மை. அந்த உண்மைப் பாதிதான் அவளை உறுத்தியது என்று பிற்பாடு மனுவிடம் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வாரம் பென்சில் மூன்று நாள் வெளியூர் போனார். சுத்தமான காற்று பற்றிய கருத்தரங்கம், கடலோர ஓட்டலில். முதல் நாள் காலை தராசம்மா சோற்று டப்பாவோடு அறைக்குள் போய், உள்கதவைத் தாழிட்டு, ‘தாள்கள் ஓய்வில் உள்ளன, திறக்காதீர்’ என்ற பலகையை மாட்டினாள். எடைச் சீட்டுக் கட்டுகளைத் தரையில் மாதவாரியாகப் பரப்பினாள். பதிவேட்டில் திருத்துவதற்கு முறை ஒன்று உண்டு. தவறான பதிவின்மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. அழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. அப்படியே செய்தாள். மையால்.

தன் வீட்டுக்காரர் தலைமேல் இருக்கிற பெட்டிக்கு மட்டும் செய்யவில்லை. நான்கு பெட்டிக்கும், நான்கு பனிக்காலத்துக்கும். மார்க்கெட் முனை, பேருந்து நிலையம், பள்ளிக்கூடத்தை ஒட்டிய ரவுண்டானா. அறுநூற்றுப் பதினெட்டு இ.கோ. பள்ளிக்கூடத்துப் பெட்டியில் ஒரே மாதத்தில் இருபத்திரண்டு நாள் வந்தபோது பேனாவை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். அந்த மாதம்தான் அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா. விருந்தினராகப் போய்ப் பரிசு கொடுத்தவர் பென்சில்.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கு அவர் திரும்பிவிட்டார். யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். எந்த அலுவலகத்தில்தான் அந்த ஆள் இல்லை? வெளிக்கதவைத் திறந்து, செருப்பை மறக்காமல் கழற்றிவிட்டு, உள்கதவுக் கண்ணாடியைத் தட்டினார். அவள் பலகையைக் காட்டினாள். விதிப்படி அந்தப் பலகை தொங்கும்போது அமைச்சரே வந்தாலும் திறக்கக் கூடாது. விதியை அச்சடித்து ஒட்டியவர் அவரே. வெறும் காலோடு, குளிர்ந்த தரையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயை வாயை அசைத்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. அவள் கடைசி நாற்பத்து மூன்றையும் முடித்து, மை உலரக் காத்திருந்து, பதிவேட்டை மூடி, தாழை நீக்கினாள்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கே?”

“திருத்தியிருக்கேன் சார். எல்லாமே என் கையெழுத்துதான். உங்க பேர் எங்கயும் இல்ல, பயப்படாதீங்க.”

அன்று மாலையே பணிநீக்கக் கடிதம் தட்டச்சானது. இடைநீக்கம் என்று பெயர், விசாரணை முடியும்வரை. நகல் பிரிவு எழுத்தர் மட்டும் ஒரு காரியம் செய்தார். மனு அன்றைக்கே இன்னொரு மனுவோடு வந்து நின்றதால், விதிப்படி, திருத்திய பக்கங்கள் அத்தனைக்கும் நகல் எடுத்து முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார். தொண்ணூற்றாறு பக்கம். ஏழாவது தடவையாகத் தன் மேசைக்கு வந்தவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார் என்பதை அலுவலகமே பார்த்தது.

விசிலின் மாற்றல் கோரிக்கையைப் பார்க்கக் காவல்துறையின் மருத்துவக் குழு மழை விட்ட மாதத்தில் கூடியது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அவர்களுக்குப் பின்னால் காற்றைச் சுத்தம் செய்கிற இயந்திரம் ஒன்று பச்சை விளக்கோடு. விசில் சீருடையில் போனார். தராசம்மா தானே எழுந்து, இந்த இ.கோ. நான் எழுதியது, பொய், இந்தத் திருத்தம் நான் செய்தது, உண்மை என்றாள். நடுவில் இருந்தவர் பக்கங்களைப் புரட்டினார். நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று கேட்டார். மனைவி என்றாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் நான்கு வருடம் பொய் எழுதியபோதும் மனைவிதான். அப்போது யாரும் உறவு கேட்கவில்லை.

பதினைந்து நாளில் பதில் வந்தது. பதிவேடு உரிய அனுமதியின்றித் திருத்தப்பட்டிருப்பதாலும், திருத்தியவர் மனுதாரரின் மனைவி என்பதாலும், அதை ஏற்பதற்கில்லை. வரும் பனிக்காலத்தின் அளவுகளைப் பார்த்த பின் கோரிக்கை மறுபரிசீலனை செய்யப்படும். அதுவரை மனுதாரர் தற்போதைய பணியிடத்தில் தொடரலாம்.

தொடரலாம். அந்தச் சொல்லை மனு கூடத்தின் நடுவில் நின்று நான்கு தடவை வாசித்தாள். தராசம்மா சுவரில் இருந்த சால்வைப் படத்தைக் கழற்றி, சட்டத்தைத் தனியாகப் பிரித்து வைத்தாள். சட்டம் நல்ல மரம்.

விசில் தொடர்ந்தார். முப்பத்தாறு நாள். முப்பத்தேழாம் நாள் காலை எட்டரை மணிக்கு, ஐந்து சாலை வண்டியும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், கையை இறக்காமலே முட்டி போட்டு உட்கார்ந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நுரையீரலில் பாதிதான் மிச்சம் என்று எழுதிக் கொடுத்து, உடல் தகுதியின்மை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்தத் தேதியில் விழுந்தார் என்று சான்றிதழில் இருக்கிறது. அந்தத் தேதியில் பேங்கு மாடிப் பெட்டிக்கு, தராசில் புதிதாக உட்கார்ந்தவர், இ.கோ. போட்டிருக்கிறார்.

பிறகு நடந்ததெல்லாம் தெரு கண்ணால் பார்த்தது. அந்தத் தொண்ணூற்றாறு பக்கத்தின் நகலைக் காட்டி மார்க்கெட் முனையிலிருந்தும் பேருந்து நிலையத்திலிருந்தும் ஆறு காவலர்கள் மனுப் போட்டார்கள்; எழுதிக் கொடுத்தவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் யாருக்கும் தராசம்மா மனைவி இல்லை என்பதால் ஆறு பேருக்கும் உள்வேலை கிடைத்தது. மனு, நகல் பிரிவு எழுத்தரைக் கல்யாணம் செய்துகொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போனாள். சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டாளா என்று தையல்காரி கேட்டதற்கு, ரெண்டு நகல் வாங்கியிருக்கேன் என்றாளாம். விசிலும் தராசம்மாவும் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்து ஏரிக்கரையில் உள்ள ஒரு சின்ன ஊருக்குப் போனார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை. அவள் அங்கே அரிசி மண்டியில் எடை போடுகிறாள். அவர் கரைவரை நடந்து போவார். திரும்பி வர அவள் கூடப் போக வேண்டும்.

பென்சிலுக்குப் பதவி உயர்ந்து, பிறகு ஓய்வும் வந்தது. வழியனுப்பு விழாவில் மாலை போட்டார்கள். சொந்த வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு மலையடிவாரத்துக்குப் போகிறாராம். ஏன் சார், ஊரை விட்டுப் போறீங்க என்று யாரோ கேட்டதற்கு, பனிக்காலத்துல இந்த ஊர்க் காத்து என் மனைவிக்கு ஆகமாட்டேங்குது என்றார். அதை எந்தப் பெட்டி அவருக்குச் சொன்னது என்று, கைதட்டிய கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.